வாசகர் மீட்ட சித்திரக்கதை



தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற ஒருவனை வானொலியில் பேச அழைத்தால், அவன் ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று சித்திரக்கதையைப் பற்றிப் பேசப் போகிறேன். காமிக்ஸ் என்று நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறேன். நின்றுபோகும் நிலையிலிருந்த தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களையும், பகுதி பகுதியாகச் சிதறிக் கிடந்த ஒரு நெடுங்கதையையும், அவற்றைப் படித்து வளர்ந்தவர்களே முயன்று மீட்டுக்கொண்டார்கள். அந்த வரலாறு நடந்த இடமும் தொலைவில் இல்லை. நம் தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ள சிவகாசியே அது. அந்த வரலாற்றின் ஓரத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அன்று. எனினும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்ற இதழ் வெளிவந்தது. அதைத் தொடங்கியவர் திரு. சௌந்தரபாண்டியன். முதல் இதழின் கதை 'இரும்புக்கை மாயாவி'. நான் அப்போது மாப்பிள்ளையூரணியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். எங்கள் ஊரைச் சுற்றி எப்பக்கம் நோக்கினும் உப்பளம். கோடையில் உப்பு வாரும் காலத்தில், பாத்திகளின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். அளத்து வேலைக்கு விடியுமுன் புறப்பட்டுப் போகும் வீடுகளில் புத்தகம் என்பது பள்ளிப் புத்தகம் ஒன்றே. அத்தகைய ஊருக்குள் மாயாவி எப்படி வந்தான் என்று கேட்கிறீர்களா? டவுனில் பழைய தாள் வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சிறு காசு பெற்றுக்கொண்டு இதழ்களை வாடகைக்குக் கொடுப்பார். நால்வர் சேர்ந்து காசு போட்டு, ஒருவன் நடந்து போய் வாங்கி வருவான். மாலையில் ஊருணிக் கரையில் அமர்ந்து நால்வரும் ஒரே இதழின்மேல் தலையை முட்டிக்கொண்டு படிப்போம். மெதுவாகப் படிப்பவன் ஒருவன் இருந்தான். அவனுக்காக மற்ற மூவரும் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருப்போம். அந்தப் பொறுமையை எங்களுக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை.

மாயாவி யார் என்பதை இளையோர்க்குச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962இல் தோன்றிய பாத்திரம் அவன். ஆய்வுக்கூடத்து விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக இரும்புக் கை பொருத்தப் பெற்றவன். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் வானில் மிதக்கும். தொடக்கத்தில் தீய வழியிற் சென்றவன், பின்னர் திருந்தி, உளவுப் படையொன்றில் சேர்ந்து உலகைக் காக்கிறான். தமிழில் அப்படைக்கு 'நிழற்படை' என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு அழகான சொல் பாருங்கள்! மின்சாரத்தைத் தொட்டால் நாமும் மறைவோமா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்ததுண்டு. நல்லவேளையாக எங்கள் தெருவில் அக்காலத்தில் மின்விளக்கு இல்லாத வீடுகளே மிகுதி.

'முத்து' என்ற பெயரும் எங்கள் காதுக்கு உறவாய் ஒலித்தது. இக்கரை முத்துக்குளித்துறை அல்லவா? 1961இல் நடந்த முத்துக்குளிப்பே இங்குக் கடைசியானது. நான் பிறந்தது அதற்கு முந்திய ஆண்டு. ஆகவே சிப்பியிலிருந்து எடுத்த முத்தை நான் கண்டதில்லை. சிவகாசியில் அச்சான முத்தைத்தான் கண்டேன்.

1984ஆம் ஆண்டு தமிழ்ச் சித்திரக்கதைக்கு ஒரு பொற்காலத் தொடக்கம். அவ்வாண்டில் சௌந்தரபாண்டியனாரின் மகன் திரு. விஜயன், லயன் காமிக்ஸ் என்ற புதிய இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினேழு. கல்லூரி முதலாண்டில் இருக்கும் மாணவர்கள் இவ்வயதைக் கவனிக்க வேண்டுகிறேன். அதே ஆண்டில் தினத்தந்தி நிறுவனத்தார் ராணி காமிக்ஸைத் தொடங்கினர். தினத்தந்தியை நிறுவிய சி. பா. ஆதித்தனார் நம் திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழிக்காரர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவ்விதழ்கள் பெட்டிக்கடைகளில் வாழைப்பழத் தாருக்கு அருகே கயிற்றில் தொங்கின. இத்தாலி நாட்டு டெக்ஸ், பெல்ஜிய நாட்டு லக்கி லுக் ஆகியோர் தமிழ் பேசத் தொடங்கினர்.

அக்காலத்தில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் இருந்தேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் படங்களின் பயனைப் பற்றி நெடுநேரம் பாடம் நடத்தினார்கள். சொல்லால் மட்டும் விளங்காததைப் படத்தால் விளக்குக என்றார்கள். துணைக்கருவிகள் செய்யச் சொல்லி மதிப்பெண் இட்டார்கள். நான் அட்டையில் வரைந்த சிப்பி படத்திற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் வகுப்பறையில் ஒரு மாணவன் தானே விரும்பிப் படப் புத்தகம் படித்தால் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. நானாக ஒரு விடை கண்டுகொண்டேன். பிடுங்கி வைத்துக்கொள்வது என்பதே அவ்விடை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் வரலாற்று நூலுக்குள் லயன் காமிக்ஸை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அவன் தந்தையும் தாயும் அளத்தில் உப்பு வாருபவர்கள். இதழை வாங்கிக்கொண்டேன். "ஆண்டு முடிவில் வந்து பெற்றுக்கொள்" என்றேன். அவன் அழவில்லை. "சார், இது ரெண்டாம் பாகம், சார்" என்று மட்டும் சொன்னான். அச்சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. இதழை அலமாரியில் வைத்தேன். ஆண்டு முடிவில் பழைய விடைத்தாள்களை எடைக்குப் போட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. அவன் வந்து கேட்டான். "கடையில் வேறு கிடைக்கும், போ" என்றேன்.

வேறு கிடைக்காது. அதுதான் செய்தி. அக்கதையின் பெயர் 'இரத்தப் படலம்'. பெல்ஜிய நாட்டு எழுத்தாளர் ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் என்பவர் சித்திரந் தீட்டி, 1984இல் தனிநூலாக வெளிவரத் தொடங்கியது. நினைவு முழுதும் அழிந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். முதிய கணவனும் மனைவியும் அவனைக் காப்பாற்றுகின்றனர். அவன் உடலில் பதின்மூன்று என்ற எண் ரோமானிய எழுத்தில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. தான் யார் என்று அவனுக்கே தெரியாது. அவனைக் கொல்ல முயல்வோர்க்குத் தெரிகிறது. ஒரு பாகத்தில் தன் பெயர் இதுவென நம்புகிறான். அடுத்த பாகத்தில் அது பொய்யென அறிகிறான். இப்படிப்பட்ட கதையில் ஒரு பாகம் தவறினால் எதுவும் பிடிபடாது. இக்கதையின் பாகங்கள் தமிழில் பல ஆண்டு இடைவெளிகளில் தனித்தனி இதழ்களாய் வந்தன. ஒரு பாகத்தை எட்டாம் வகுப்பிற் படித்தவன், முடிவை நெருங்கும்போது தன் பிள்ளையை எட்டாம் வகுப்பிற் சேர்த்திருப்பான். பழைய இதழ்கள் மீண்டும் அச்சாகவில்லை. வைத்திருந்தவர்கள் இரும்புப் பெட்டியிற் பூட்டி வைத்தார்கள். விற்றவர்கள் பன்மடங்கு விலைக்கு விற்றார்கள்.

இதற்கிடையில் காலம் மாறிற்று. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. கம்பி வழியே பல அலைவரிசைகள் வந்தன. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. முத்துவும் லயனும் நிற்கவில்லை; ஆனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல இயலாத நிலை ஏற்பட்டது. ஓராண்டில் சில இதழ்களே வந்தன. நலிவின் காரணத்தைத் தொலைக்காட்சிமேல் மட்டும் ஏற்றிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. கடையில் தொங்கும் இதழின் பணம் அச்சிடுபவரின் கைக்குத் திரும்பி வரப் பல கைகளைக் கடக்கவேண்டும். விற்காத இதழ் திரும்பி வரும். விற்ற இதழின் பணம் எளிதில் வராது. அயல்நாட்டுப் பதிப்பாளர்க்கு உரிமைத் தொகையோ முன்னரே செலுத்தப்படவேண்டும். இச்சிக்கலைச் சிறுதொழில் செய்யும் எவரும் அறிவர்.

இவ்விடத்தில் நீங்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன், மெய்யான கணக்கன்று. உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, அச்சுக்கு ஆயத்தம் செய்தல் ஆகியவற்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு பேர் வாங்கினால் ஒவ்வொருவர் தலையிலும் 200 ரூபாய் விழும். இரண்டாயிரம் பேர் வாங்கினால் 50 ரூபாய்தான். தாளும் மையும் இதற்கு மேல். ஆகவே ஒரு கதையை விரும்பும் ஒருவன் செய்யத்தக்க பேருதவி, தன்னைப் போல் விரும்பும் இன்னொருவனைக் கண்டுபிடிப்பது.

அதைத்தான் வாசகர்கள் செய்தார்கள். இவ்வாசகர்கள் யார்? அன்று பெட்டிக்கடைக் கயிற்றைப் பார்த்து நின்ற சிறுவர்கள். இப்போது முப்பதும் நாற்பதும் கடந்தவர்கள். ஆசிரியர், கணக்கர், பொறியாளர், கடைக்காரர் எனப் பலதிறத்தார். பிழைப்புக்காக அயல்நாடு சென்றோரும் உண்டு. ஒவ்வொருவரும் தம் ஊரில் இப்பித்துப் பிடித்தவர் தாம் ஒருவரே என்று எண்ணியிருந்தனர். இணையம் வந்தபின் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். எந்த இதழ் எந்த மாதம் வந்தது, எந்தக் கதையின் மூலம் எந்த நாட்டினது என்று பட்டியலிட்டனர். தம்மிடமுள்ள இதழின் அட்டையைப் பிறர் காணக் காட்டினர். சிவகாசிக்குக் கடிதம் எழுதினர். எங்களுக்கு இரத்தப் படலம் முழுவதும் ஒரே நூலாக வேண்டும் என்பது அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த வேண்டுகோள்.

2010இல் அந்நூல் வெளிவந்தது. பதினெட்டுப் பாகங்கள் ஒரே தொகுப்பில், கறுப்பு வெள்ளையில். பாகத்திற்கு நாற்பத்தாறு பக்கம் என்று கொண்டாலும் எண்ணூறு பக்கத்திற்கு மேல். விலை 200 ரூபாய். ஐந்து பத்து ரூபாய் இதழ்களுக்குப் பழகிய உலகில் அது துணிவான விலை. வாசகரும் வாங்கினர். பின்னர் 2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சி வேளையில், 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற பெயரோடு லயன் புதுப்பிறவி எடுத்தது. அதன்பின் ஒழுங்காக மாதந்தோறும் இதழ்கள் வரலாயின. வண்ணத்தில், நல்ல தாளில். பெட்டிக்கடையை நம்பாமல், ஆண்டுச் சந்தாவையும் புத்தகக் காட்சிகளையும் நம்பும் முறைக்குப் பதிப்பகம் மாறிற்று. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி ஆசிரியரும் வாசகரும் ஆண்டுதோறும் நேரிற் சந்திக்கும் வழக்கமும் ஏற்பட்டது. வாசகர் அங்கு வாழ்த்துரை மட்டும் வழங்குவதில்லை. அச்சுப்பிழையையும் மொழிபெயர்ப்பின் வழுக்களையும் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று.

இரத்தப் படலத்தை விரும்பியவர்கள் கறுப்பு வெள்ளையோடு அமைதி கொள்ளவில்லை. மூலத்தில் உள்ளபடி வண்ணத்தில் வேண்டும் என்றனர். வேண்டுமென்று சொல்வோர் பணம் செலுத்தி முன்பதிவு செய்யட்டும் என்று பதிப்பகம் கூறிற்று. நூல் கண்ணிற் படுமுன்னரே, அதுவும் ஏற்கெனவே தம் வீட்டில் வேறு வடிவில் இருக்கும் நூலுக்கு, வாசகர்கள் பணம் செலுத்தினர். 2018இல் வண்ணத் தொகுப்பு மூன்று நூல்களாய் வெளிவந்தது. அக்கதைக்குச் சித்திரந் தீட்டிய வான்ஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

நூலைக் காணுமுன் பணம் கொடுப்பது புதுமையா? தமிழுக்கு அது மிகப் பழைய வழக்கம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டு வெளியிட்டபோது, அதற்கு முன்னரே பலரிடம் கையொப்பம் வாங்கினார். நூல் அச்சானால் வாங்கிக்கொள்வேன் என்று ஒப்பமிட்டுக் கொடுப்பதற்குக் கையொப்பம் என்று பெயர். சிந்தாமணியையும் சித்திரக்கதையையும் ஒரு தட்டில் வைக்கிறானே இவன் என்று என் தமிழாசிரிய நண்பர்கள் சினக்கக்கூடும். நூல்களை நான் ஒப்பிடவில்லை. வாங்குவோரின் நெஞ்சை ஒப்பிடுகிறேன். இது அழியலாகாது, இதற்கு என் பங்கு இவ்வளவு என்று சொல்லும் நெஞ்சு இரண்டிடத்தும் ஒன்றே.

நம் ஊர்க்காரர்க்கு இதைவிட நெருங்கிய சான்றும் உண்டு. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரித்தார். வெள்ளையர் கப்பலை வெறுக்கிறோம் என்று சொல்வது ஒன்று. நம் கப்பலுக்கு ஒரு பங்கு வாங்குவது வேறொன்று. ஆனால் பங்கு வாங்கிவிட்டால் எல்லாம் வென்றுவிடும் என்றும் எண்ணவேண்டா. அக்கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. எதிர்த்து நின்ற ஆற்றல் பெரிது; தலைவரோ சிறையில். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

பிற நாடுகளிலும் வாசகர் கிளர்ச்சி உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த கோனன் டாயில், 1893இல் அவரை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்துவிட்டார். கதை வெளிவந்த 'ஸ்ட்ராண்ட்' இதழின் வாசகருள் இருபதினாயிரம் பேருக்கு மேல் சந்தாவை நிறுத்தினர் என்பர். டாயில் எளிதில் இளகவில்லை. 1901இல் ஹோம்ஸின் பழைய வழக்கொன்று என்று ஒரு கதை எழுதினார். 1903இல்தான், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பத்தாண்டுப் போராட்டம்! அண்மைக் காலத்தில் அமெரிக்காவில், சிலந்தி மனிதனின் மகளைத் தலைவியாகக் கொண்ட 'ஸ்பைடர் கேர்ள்' என்ற இதழ் 1998இல் தொடங்கிற்று. விற்பனை போதாதென்று அதை நிறுத்தப் பதிப்பாளர் பலமுறை முடிவு செய்தனர்; ஒவ்வொரு முறையும் வாசகர் மடல்கள் அம்முடிவை மாற்றின. 2006இல் அது நூறாவது இதழைக் கண்டது. அத்தனை மடல்கள் வந்தும், நூறோடு அவ்வடிவில் அது நின்றது என்பதையும் சொல்லவேண்டும். டாயில் வாசகர்கள் சந்தாவை நிறுத்தி வென்றார்கள். நம்மவர் சந்தா செலுத்தி வென்றார்கள். இரண்டில் நம்மவர் வழியே எனக்குப் பிடித்திருக்கிறது.

இம்முயற்சியில் குறை இல்லையா என்றால், உண்டு. முதலாவது, பழைய இதழ் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தில் சிலர் அவற்றைப் படி எடுத்து உரிமையின்றிப் பரப்பினர். அன்பின் மிகுதியால் செய்தோம் என்பர். பதிப்பிப்பவர் உரிமைத் தொகை கொடுத்து வாங்கிய ஒன்றை இலவசமாகப் பரப்பினால், அடுத்த நூலுக்கு அவர் எங்கே போவார்? மாம்பழம் பிடிக்கும் என்று மரத்தை வெட்டுவதுபோல் அது.

இரண்டாவது, பழையதா புதியதா என்னும் வழக்கு. மாயாவி மீண்டும் வேண்டும் என்று மூத்த வாசகர் ஒரு பக்கம் நின்றனர். மாயாவிக் கதைகள் மறுபதிப்பாயும் வந்தன. ஆசிரியருக்கோ, உலகில் புதிதாய் வந்துகொண்டிருக்கும் கதைகளைத் தமிழுக்குக் கொணரும் வேட்கை. யார் பக்கம் நியாயம்? நான் மாயாவியைப் படித்து வளர்ந்தவன். இருப்பினும், அண்மையில் அம்மறுபதிப்பு ஒன்றை வாங்கிப் படித்தபோது, கதை சற்று மெலிந்து தோன்றியது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். பன்னிரண்டு வயதில் அந்த இரும்புக் கை மிதந்து வந்தபோது என் முதுகு சில்லிட்டது. இப்போது சில்லிட்டது கை அன்று, ஊருணிக் கரையின் நினைவு. மறுபதிப்பு வேண்டுவோர் கதையைக் கேட்கிறார்களா, தம் இளமையைக் கேட்கிறார்களா என்பதை அவர்களே தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இளமையை எந்தப் பதிப்பகத்தாராலும் அச்சிட்டுத் தர இயலாது. இரத்தப் படலத்தின் நிலை வேறு. அங்கே கேட்கப்பட்டது முழுமை. பாதி கேட்ட கதையின் மீதியைக் கேட்பது நியாயமான உரிமை.

மூன்றாவது குறைதான் என்னை உறுத்துவது. இவ்விதழ்களை மீட்டவர்கள் பெரியவர்கள். இன்று வாங்கிப் படிப்போரிலும் பெரியவர்களே மிகுதி என்று தோன்றுகிறது. விலையும் பெரியவர்களுக்கேற்ற விலை. சிறு காசுக்கு வாடகைக்கு எடுத்து நால்வர் படித்த காலம் போய், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒருவர் வாங்கிப் பூட்டி வைக்கும் காலம் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். முத்து காமிக்ஸ் 2022இல் ஐம்பது ஆண்டு நிறைவு செய்தது. இன்னும் ஐம்பது ஆண்டு நடக்கவேண்டுமாயின், இன்று பன்னிரண்டு வயதில் இருக்கும் ஒருவன் அதை இன்றே எடுத்துப் பார்த்திருக்கவேண்டும் அல்லவா? பள்ளி நூலகங்கள் இதில் ஏதேனும் செய்யலாம். நான் பணியிலிருந்தபோது செய்தேனா என்று கேட்டால், கடைசிச் சில ஆண்டுகளில் செய்தேன். நூலக அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் சித்திரக்கதை வைத்தேன். ஓராண்டுக்குள் மிகுதியாகக் கிழிந்த நூல்கள் அத்தட்டில் இருந்தவைதாம். தணிக்கைக்கு வந்த அலுவலர் அதைக் குறையாக எழுதிவிட்டுப் போனார்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவனை நான் மறந்துவிட்டேன். அவன் என்னை மறக்கவில்லை. இப்போது அவன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களுக்குக் கணக்கு எழுதும் அலுவலகமொன்றில் பணிபுரிகிறான். 2018ஆம் ஆண்டு இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை. காலைத் தொட்டு வணங்கி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சிறிது பேசிவிட்டுப் பையிலிருந்து மூன்று வண்ண நூல்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சார், இதுக்கு நான் முன்பதிவு செஞ்சிருந்தேன், சார்" என்றான்.

பிறகு மெல்ல விவரமாகச் சொன்னான். அந்த இரண்டாம் பாகம் அவனுக்குப் பின்னர் எங்கும் கிடைக்கவில்லையாம். மற்றப் பாகங்களை மதுரைப் பழைய புத்தகக் கடைகளிலும் நண்பர்களிடமும் தேடிச் சேர்த்தானாம். இரண்டாவது மட்டும் அகப்படவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவியே கதையைப் படித்துவந்திருக்கிறான். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தானாகவே ஒரு கதையைக் கற்பித்துக்கொண்டான். சிவகாசிக்குக் கடிதம் எழுதியவர்களில் அவனும் ஒருவன். 2010இல் கறுப்பு வெள்ளைத் தொகுப்பு வந்தபோது, அஞ்சலில் வந்த பொட்டலத்தைப் பிரித்து, அலுவலகத்திலேயே இரண்டாம் பாகத்தை முதலில் படித்து முடித்தானாம்.

"நீ நினைத்த கதையும் அதுவும் ஒத்திருந்தனவா?" என்று கேட்டேன்.

"இல்ல, சார். நான் நெனச்சதுதான் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எண்ணினேன். ஆசிரியராயிருந்தவர்க்கு அச்சொல் எளிதில் வாயில் வருவதில்லை. "அந்த இதழை நான் எடைக்குப் போட்டுவிட்டேன், தம்பி" என்றேன். "தெரியும், சார். அந்த எடைக்குப் போட்ட கடையில அன்னைக்கே போய்த் தேடுனேன்" என்றான். எட்டாம் வகுப்பு மாணவன் எடைக்கடைச் சாக்குகளுக்கு நடுவே என் கையெழுத்திட்ட விடைத்தாள்களை விலக்கித் தேடியதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அந்நூல்களை எனக்குப் பரிசாகத் தர வந்திருக்கிறான் என்று முதலில் தவறாக எண்ணிவிட்டேன். அவன் முதல் நூலை மட்டும் என் பக்கம் நகர்த்தி, மற்ற இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டான். "இதைப் படிச்சு முடிங்க, சார். அடுத்ததைக் கொண்டாந்து தாரேன். பதினஞ்சு நாள்ல வாரேன்" என்றான். வாடகைக் கடைக்காரரை எனக்கு நினைவுபடுத்தும் குரலில் சொன்னான்.

நான் பன்னிரண்டு நாளில் படித்து முடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டியிருந்ததால் அவ்வளவு நாளாயிற்று. இல்லையேல் இரண்டு நாளில் முடிந்திருக்கும். சொன்ன நாளில் அவன் வந்தான். நூலைக் கொடுத்தேன். அவன் வாங்கியவுடன் பைக்குள் வைக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து, முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகத் திருப்பி, மடிப்போ கறையோ இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தான். பார்த்து முடியும் வரை நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பிறகுதான் இரண்டாம் நூலை எடுத்து என் கையிற் கொடுத்தான்.